நீடாமங்கலம் கேட்டில் ஒரு ஹாலந்துக்காரர்

எனக்கு உட்காரத் தெரியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கல்யாண வீட்டில் சோறு வருவதற்குள் மூன்று தடவை எழுந்து கை கழுவிவிட்டு வருகிறவன் நான். சலூனில் பாதி வெட்டிய தலையோடு, வெளியே என்ன சத்தம் என்று தெருவுக்கு ஓடியிருக்கிறேன். இப்படிப்பட்டவனை மூன்று நாள் கருத்தரங்கில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? சம்பந்தமில்லாத ஒரு அம்மாளின் இரண்டு மா நிலத்து உளுந்து தண்ணீரில் மூழ்கும். அதுதான் ஆயிற்று.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்திருந்த காலம். நாகூரில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ சவூதியிலோ இருந்தார்கள். என் நானா, அதாவது அண்ணன், துபாயில் ஒரு டேப்ரிக்கார்டர் கடையில் இருந்தார். அங்கேயே எனக்கும் ஒரு வேலை பார்த்து விசா அனுப்பிவிட்டார். கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலை. நானோ விவசாயப் பொறியியல் படித்துவிட்டு, தஞ்சாவூரில் நீர்ப்பாசன ஆராய்ச்சி செய்கிற ஓர் அலுவலகத்தில் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். (தற்காலிகம் என்றால், காலையில் நாற்காலி இருந்தால் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.)

வாப்பா கடைசியாகச் சொல்லிவிட்டார்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன் கமாலு. வெளிநாட்டுல மேல படிக்கப் போறேன்னு சொல்றே. எந்த நாடு, யாரு கூப்புட்டாஹ, ஒரு காயிதம் காட்டு. காட்டலேன்னா பொட்டியக் கட்டு."

அந்தக் காகிதத்தைத் தரக்கூடியவர் தஞ்சாவூருக்கே வந்து இறங்கினார். பேராசிரியர் ஹெண்ட்ரிக். ஹாலந்துக்காரர். வாசல் நிலைக்கெல்லாம் குனிய வேண்டிய உயரம். கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் கொண்டு சேர்ப்பது எப்படி என்று எங்கள் அலுவலகம் நடத்திய கருத்தரங்கில், மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்கு அவர்தான் நிறைவுரை. கணினியில் கணக்குப் போட்டு எல்லா வயலுக்கும் சமமாகத் தண்ணீர் பிரிப்பதைப் பற்றி நானும் ஒரு கட்டுரை எழுதி வைத்திருந்தேன். அதையும் விண்ணப்பத்தையும் ஒரு ஃபைலில் போட்டு, அவர் கையில் கொடுக்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

(கணினியில் நெல் வயல் ஒரு பச்சைக் கட்டமாகத் தெரியும். அதுவரை நான் நெல் வயலை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அங்கேதான்.)

முதல் நாள் காலையிலேயே எங்கள் இயக்குநர் சபாபதி சார் என்னை வராந்தாவுக்கு அழைத்தார்.

"கமால், நீ உள்ள உட்கார்ந்து காலை ஆட்டுறதுல முன்வரிசை நாற்காலியெல்லாம் ஆடுது. உனக்கு வெளி வேலை தர்றேன். வந்திருக்கறவங்க ஓய்வு நேரத்துல தஞ்சாவூர்ல என்ன பார்க்கலாம்னு ஒரு துண்டறிக்கை போடு."

எனக்குச் சிறகு முளைத்தது. அன்று மதியத்துக்குள் பதினோரு இடங்கள் தயார். முதலில் பெரிய கோயில். அதில் கை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் அரண்மனை, தலையாட்டி பொம்மை, சுவாமிமலைச் சிலைக்கூடம் எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு இரண்டாவது இடத்தில் நாகூரைப் போட்டேன். 'ஒன்றரை மணி நேரப் பயணம்' என்றும் எழுதினேன். பஸ்ஸில் போனால் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். ஒன்றரை மணி என்பது என் மனசு போகிற நேரம்.

இரண்டாம் நாள், வரிசையாகக் கட்டுரைகள். ஆறாவது கட்டுரையில் நான் வாசல் பக்கம் நழுவியபோது, அங்கே எனக்கு முன்பே ஒருவர் நழுவி நின்றிருந்தார். ஹெண்ட்ரிக். காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டு என் துண்டறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. உலகத்தில் நான் ஒருவன்தான் இப்படி என்று நினைத்திருந்தேனே!

"நாளைக் காலை எனக்கு வேலை இல்லை. இந்த ஐந்தாம் எண், சிலை வார்க்கும் ஊர், போகலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சுவாமிமலை பக்கம்தான். போய்ப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் தஞ்சாவூர் திரும்பியிருக்கலாம். நானும் இன்று ஹாலந்தில் மிதிவண்டி ஓட்டிக்கொண்டிருப்பேன். ஆனால் என் புத்தி வேறு பக்கம் ஓடியது. இந்த மனிதரை அப்படியே எங்கள் தெருவுக்குக் கொண்டுபோய் நிறுத்தினால்? காகிதம் கேட்ட வாப்பாவுக்கு ஆளையே காட்டினால்?

"சிலை எங்கேயும் போகாது சார். நாகூர் போகலாம். தர்கா பார்க்கலாம், கடல் பார்க்கலாம். எங்கள் வீட்டில் பிரியாணி" என்றேன். அவர் பிரியாணியில் விழுந்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு வாடகை அம்பாசடரில் கிளம்பினோம். ஓட்டுநர் தங்கராசு, கார் சீட்டுக்கு அன்றுதான் சலவை செய்த வெள்ளை உறை போட்டிருந்தார். நாங்கள் ஏறும் முன் இரண்டு பேருடைய காலையும் ஒரு தடவை பார்த்தார். வழியெல்லாம் நான் ஹெண்ட்ரிக்குக்கு டெல்டாவை விளக்கினேன். நான் விவசாயக் குடும்பம் என்றும் ஒரு பொய் சொன்னேன். (வாப்பாவுக்கு மலேசியாவிலிருந்து திரும்பியபின் ஒரு பேன்சி ஸ்டோர். அங்கே விளைந்ததெல்லாம் வளையலும் ரிப்பனும்தான்.)

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது.

அந்தக் கேட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது சாதாரணமாக மூடியிருக்கும். அபூர்வமாகத் திறக்கும். தங்கராசு என்ஜினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"எப்ப திறக்கும்?" என்றேன்.

"கூட்ஸ் வண்டி ஒண்ணு நிக்குது சார். என்ஜினை இந்தப் பக்கம் மாட்டுவான், அந்தப் பக்கம் மாட்டுவான். நீங்க எறங்கி டீ குடிச்சு, பேப்பர் படிச்சு, சவரமும் பண்ணிட்டு வாங்க."

எதிரே டீக்கடையை ஒட்டி ஒரு எஸ்.டி.டி. பூத். எங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டேன். உம்மா ஓடிவந்து எடுத்தது மூச்சிரைப்பிலேயே தெரிந்தது.

"எங்கே வர்றிய கமாலு? பிரியாணி தம்முல கெடக்கு. தெருவே கூடி நிக்குது. வாப்பா அவருக்குன்னு நாற்காலி எரவல் வாங்கிப் போட்டு, புதுத் துண்டு விரிச்சு வச்சிருக்காஹ. யாரையும் அதுல உட்கார விடலே."

"கேட்டுல நிக்கிறோம் உம்மா. திறந்ததும் வந்துடுவோம்."

போனை வைத்துவிட்டு வந்தால் காரில் ஹெண்ட்ரிக் இல்லை. சாலையிலிருந்து பிரிந்துபோகும் ஒரு வாய்க்கால் கரையில் அவருடைய தொப்பி மட்டும் உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. ஓடினேன்.

ஓரிடத்தில் வாய்க்கால் இரண்டாகக் கிளை பிரிந்தது. ஒரு கிளையில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து வயலில் பச்சை நெல், பாதம் நனைய நீர். இன்னொரு கிளையின் மடையைப் பலகை போட்டு அடைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்து வயல் கொஞ்சம் பள்ளம். அதில் வெறும் நெல் தாள்கட்டை, மெல்லிய வெடிப்பு, நடுவில் அங்கங்கே சின்னச் சின்னப் பச்சை இலைகள். பலகைக்குப் பக்கத்தில் ஒரு குச்சியில் வைக்கோல் பிரியைச் சுற்றி நட்டிருந்தார்கள்.

"இந்த வயலுக்கு ஏன் தண்ணீர் இல்லை?" என்று ஹெண்ட்ரிக் கேட்டார்.

எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"நிர்வாகக் கோளாறு சார். என் கட்டுரையே இதைப் பற்றித்தான். ஒருவருக்கு நிறைய, அடுத்தவருக்கு ஒன்றுமில்லை. பாவம், பயிர் கருகி, களை முளைத்துக் கிடக்கிறது பாருங்கள்" என்றேன்.

"இந்தக் குச்சி?"

"இதுதான் பராமரிப்பின்மை. அடைப்பு!" என்று சொல்லிக் குச்சியைப் பிடுங்கினேன். ஹெண்ட்ரிக் காமிராவைத் தூக்கினார். வைக்கோல் குச்சியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். படம் எடுத்தார். குச்சியைத் தண்ணீரில் வீசினேன். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு அந்தப் பலகையை எடுத்து, தண்ணீர் ஓடிய கிளையில் போட்டேன். தண்ணீர் சலசலவென்று பள்ளத்து வயலுக்குள் ஓடியது. ஐந்து நிமிஷத்தில் ஒரு சமூக அநீதியைச் சரிசெய்த மிதப்பில் இரண்டு பேரும் டீக்கடைக்குத் திரும்பினோம்.

கேட் மூடியேதான் இருந்தது. டீ சொன்னேன். சுடச்சுட உளுந்து வடை வந்தது. சமநீதியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். ஃபைலை எடுத்துவர இதுதான் நேரம் என்று எழுந்தபோது வாய்க்கால் பக்கமிருந்து ஒரு குரல் கிளம்பியது. அந்தக் குரலுக்குக் கேட்டின் இரண்டு பக்கமும் நின்ற லாரிக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள்.

"எந்தப் படுபாவிடா என் உளுந்துல தண்ணிய விட்டது!"

ருக்மணி அம்மாள். ஐம்பது வயதிருக்கும். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் மண்வெட்டி. பின்னாலேயே எதிர்ப்பக்கக் கரையில் இன்னொருவர் ஓடிவந்தார். கலியபெருமாள். அந்த அம்மாளின் கொழுந்தனார், பச்சை வயலுக்குச் சொந்தக்காரர்.

"என் தண்ணி எங்க? மொறைக்குச்சி எங்க? எவன் புடுங்குனான்?"

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். தங்கராசு காரைப் பார்த்தார். நான் வடையைப் பார்த்தேன்.

அடுத்த பத்து நிமிஷத்தில், ஐந்து வருஷப் படிப்பில் தெரியாததெல்லாம் தெரிந்துகொண்டேன். அது மேட்டூர் அணையை மூடுகிற வாரம். தாமதமாக நட்ட கலியபெருமாளின் நெல்லுக்கு அதுதான் கடைசித் தண்ணீர். அன்று சாயந்தரம் வரை அவருடைய முறை. வைக்கோல் பிரி சுற்றிய குச்சிதான் அதற்கு அடையாளம். ஊரில் யாரும் அதைத் தொடமாட்டார்கள். பள்ளத்து வயல் காய்ந்து கருகியதல்ல. அறுப்புக்கு முன்னால் நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அறுத்த பிறகு மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலேயே அது வளரும். தண்ணீர் நின்றால் அழுகிவிடும். நான் களை என்று காட்டியது அதைத்தான்.

"அந்தத் தொரைக்குத் தெரியாது, விடு. நீ எந்த ஊரு?" என்றார் ருக்மணி அம்மாள்.

"நாகூருங்க."

"என்ன படிச்சிருக்கே?"

சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"கையில என்ன?"

"உளுந்து வடைங்க."

"அது செடியா இருக்கறப்ப இப்படித்தான் இருக்கும். நல்லா பாத்துக்க!"

கூட்டம் சிரித்தது. எனக்குக் காது மடல் எரிந்தது. பூமி பிளந்தால் போய்விடலாம் என்று இருந்தது. அது பிளக்கும் நிலையில் இல்லை, நன்றாக நனைந்திருந்தது.

அதற்குள் இன்னொரு விஷயம் புரிந்தது. ருக்மணி அம்மாளும் கலியபெருமாளும் பல வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. வரப்புத் தகராறு. அதனால் பேச்செல்லாம் என் வழியாக நடந்தது.

"இந்தத் தண்ணிய இன்னிக்கே வடிக்கணும். பக்கத்து வயக்காரர்ட்ட கேட்டுச் சொல்லு தம்பி, அவரு வயல்ல எறைச்சுக்கலாமான்னு."

நான் திரும்பி, "எறைச்சுக்கலாமான்னு கேக்குறாங்க" என்றேன்.

"எறைக்கட்டும். என் தண்ணிதானே. ஆனா வரப்ப வெட்டக் கூடாதுன்னு சொல்லு."

"வரப்ப வெட்டக் கூடாதாம்."

"எவ வெட்டுனா? போன தடவ வெட்டுனது யாருன்னு கேளு!"

"போன தடவை…"

"நீ சும்மா இருடா! அண்ணி, அன்னிக்கு நான் வெட்டல. நண்டு தொளச்சது. எத்தனை தடவ சொல்றது?" என்று கலியபெருமாள் நேராகவே கத்தினார். அம்மாளும் நேராகவே திருப்பிக் கத்தினார். அதற்குப் பிறகு என் உதவி அவர்களுக்குத் தேவைப்படவில்லை. இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள்.

தீர்ப்பு சுருக்கமாக வந்தது: விட்டவன்தான் இறைக்க வேண்டும். யாரோ இறைகூடையைக் கொண்டுவந்தார்கள். இரண்டு பக்கமும் கயிறு கட்டிய கூடை. எதிரெதிரே இரண்டு பேர் நின்று, ஒரே வீச்சில் தண்ணீரை மொண்டு வரப்புக்கு மேலே எறிய வேண்டும். ஒரு கயிற்றை என் கையில் கொடுத்தார்கள். மறு கயிற்றுக்கு ஆள் யார் என்று பார்ப்பதற்குள் ஹெண்ட்ரிக் ஷூவைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கிவிட்டார்.

"ஐயோ, வேண்டாம் சார்! நான்கு மணிக்கு உங்கள் உரை இருக்கிறது!"

"கமால், எங்கள் நாடே பள்ளத்தில்தான் இருக்கிறது. தண்ணீரை வெளியே எறிவதுதான் எங்கள் பரம்பரைத் தொழில். பிடி!" என்றார். மூன்று நாளில் அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.

முதல் வீச்சில் தண்ணீர் வரப்பைத் தாண்டவில்லை. என் முகத்தைத் தாண்டவில்லை. அவர் ஆறரை அடி, நான் ஐந்தேகால். அவர் தூக்கினால் என் பக்கம் கூடை குப்புறக் கவிழ்ந்தது. வரப்பில் உட்கார்ந்து அண்ணியும் கொழுந்தனாரும் ஒரே குரலில் கணக்குச் சொன்னார்கள், "ஏ… ஒண்ணு! ஏ… ரெண்டு!" கேட் திறந்தது. வண்டிகள் போயின. கேட் மூடியது. மறுபடி திறந்தது. நாகூரில் பிரியாணி தம்மில் இருந்தது. எனக்குப் போன் செய்யக்கூட யாரும் கரையேற அனுமதி தரவில்லை. ஒரு நிமிஷம் சும்மா நிற்க முடியாத நான் அன்று ஒரே இடத்தில் மூன்றரை மணி நேரம் நின்றேன்.

கடைசி வீச்சு முடிந்தபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. உளுந்து தலை நிமிர்ந்து நின்றது. பிழைத்துவிடும் என்று ருக்மணி அம்மாள் சொன்னதும் எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. கால் கழுவலாம் என்றால் வாய்க்கால் கலியபெருமாளின் முறையில் போய்க்கொண்டிருந்தது. அதில் கை வைக்க எனக்குப் பயம். ஹெண்ட்ரிக்கின் ஒரு ஷூ கிடைக்கவே இல்லை.

இடுப்பு வரை சேற்றோடு காருக்கு வந்தோம். தங்கராசு கதவை மறித்து நின்றார்.

"சார், வெள்ளை உறை. இன்னிக்குத்தான் போட்டேன். கொஞ்சம் இருங்க, பேப்பர் விரிக்கிறேன்."

நான் தடுப்பதற்குள் விரித்துவிட்டார். பின் சீட்டில் இருந்த ஃபைலிலிருந்து எடுத்து, அழகாக, ஒன்றன்மேல் ஒன்றாக. என் விண்ணப்பம், என் மதிப்பெண் பட்டியல் நகல்கள், எல்லா வயலுக்கும் சமமாகத் தண்ணீர் பிரிக்கும் என் கட்டுரை. ஹெண்ட்ரிக் நன்றி சொல்லிவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார். அவரை எழுப்பி, நீங்கள் உட்கார்ந்திருப்பது என் எதிர்காலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையால் பலகையைத் தூக்கிய ஆள், எந்த முகத்தோடு அந்தக் கட்டுரையை நீட்டுவது?

தஞ்சாவூருக்குள் நுழையவும் ஒரு டயர் பஞ்சர். மாற்று டயரிலும் காற்று இல்லை. அரங்குக்குள் நுழைந்தபோது ஐந்தேகால். சபாபதி சார் நேரத்தை ஓட்ட நன்றியுரையை இரண்டாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார். நிறைவு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஹெண்ட்ரிக் வெறுங்காலோடு மேடையேறினார். நடந்த இடமெல்லாம் காய்ந்த சேறு உதிர்ந்தது.

"மூன்று நாளாகத் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். அது யாருடையது என்று இன்று காலை ஒரு அம்மாள் சொன்னார். எனக்கு உங்கள் மொழி தெரியாது. இருந்தாலும் ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது" என்றார். அவ்வளவுதான் நிறைவுரை. கை தட்டினார்கள்.

சபாபதி சார் என்னைத் தனியே அழைத்து, சேறு அப்பிய என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த இடத்தை உன் துண்டறிக்கையில எத்தனாவதா போட்டிருந்தே?"

மறுநாள் காலை என் நாற்காலி இல்லை.

நாகூரில், மாலை அஸர் தொழுகை வரை தெரு காத்திருந்ததாம். பொழுது சாய்ந்து மஃரிபு தொழுதுவிட்டு வந்து வாப்பா அந்த இரவல் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாராம். புதுத் துண்டு போட்ட இடத்தில் கடைசிவரை யாரும் உட்காரவில்லை. உம்மா இதைச் சொன்னபோது சேற்றில் நின்றதைவிட எனக்கு அவமானமாக இருந்தது. மாதக் கடைசியில் பெட்டியைக் கட்டினேன்.

துபாய்க் கிடங்கில் பெட்டி அடுக்கத் தொடங்கி நாலைந்து மாதம் இருக்கும். வாப்பா போன் செய்தார். ஹாலந்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. பள்ளிவாசல் பக்கத்து வாத்தியாரை அழைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். என் விண்ணப்பத்தின் முதல் பக்கம் ஹெண்ட்ரிக்கின் கால்சட்டையில் ஒட்டிக்கொண்டு அவருடைய ஊர் வரை போயிருக்கிறது. சேற்றைத் தட்டிப் பார்த்து முகவரி எடுத்திருக்கிறார். கூடவே ஒரு புகைப்படம். வைக்கோல் குச்சியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, பல்லெல்லாம் தெரிய நான். வயலில் இறங்கும் முன் ஊரைக் கேட்க வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் மாணவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்டப் போகிறாராம்.

இதைச் சொல்லி முடித்ததும் வாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னோடு அவர் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

"ஹாலந்துல காலேஜுக்குப் போகணும்னுதானே கமாலு கேட்டே? வருஷா வருஷம் போறியே!"

அந்தப் படத்தைச் சட்டம் போட்டு நடுவீட்டில் மாட்டியவர் அவர்தான். நான் துபாயிலிருந்து திரும்பி, கல்யாணம் முடிந்து, பிள்ளைகள் வளர்ந்தும் அது அங்கேயேதான் இருக்கிறது. எதையாவது எனக்குத் தெரியும் என்று நான் அழுத்திச் சொல்லத் தொடங்கினால், வீட்டில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. எல்லோரும் தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்க்கிறார்கள்.

எங்கள் வீட்டில் விருந்தாளி வரத் தாமதமானால், எங்கே ஆள் என்று கேட்கிற வழக்கமும் போய்விட்டது. உம்மா தொடங்கி என் சின்ன மகள் வரை ஒரே பதில்தான்: "நீடாமங்கலம் கேட்டுல நிக்கிறாஹளாம். பிரியாணிய எறக்காதீங்க."